தலைவரைப் பிடிக்கவில்லை, காரை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் டோர்ட்முண்டில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறோம். நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். கணவருக்குப் பொதி விநியோக நிறுவனத்தில் வேலை. பழைய டீசல் காரை விட்டுவிட்டு மின்சாரக் கார் எடுக்கக் கனகாலமாகக் காசு சேர்த்தோம். கணவர் டெஸ்லா மொடல் வை தான் என்று முடிவெடுத்து, ஓட்டிப் பார்த்தும் வந்துவிட்டார். எங்கள் மகளுக்கு 17 வயது. "அந்தக் கார் வந்தால் நான் ஏறமாட்டேன்" என்கிறாள். காரணம் டெஸ்லாவின் தலைவர் எலோன் மஸ்க். "கார் ஓட்டப்போவது நாங்களா, அவரா?" என்று கணவர் கேட்கிறார். இதற்கிடையில் 2021இல் மொடல் 3 வாங்கிய என் தம்பி, வேலையிடத்தில் கேட்கிற பேச்சுத் தாங்காமல் அதை நட்டத்துக்காவது விற்றுவிடுவோம் என்று நிற்கிறான். ஒரு நிறுவனத்தின் தலைவர் என்ன பேசுகிறார் என்று பார்த்தா நாங்கள் கார் வாங்கவேண்டும்?
வாசகி, டோர்ட்முண்ட்

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பார்க்கலாம். காசு நீங்கள் உழைத்தது. அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று யோசிப்பதில் பிழை ஒன்றுமில்லை. பிள்ளை வீம்புக்கு நிற்கிறாள் என்று நினைக்கவேண்டாம். உங்கள் கணவர் கேட்பதும் நியாயம்தான். அவர் காரைப் பற்றிக் கேட்கிறார். பிள்ளை காசு போய்ச்சேரும் இடத்தைப் பற்றிக் கேட்கிறாள். இரண்டும் வேறு கேள்விகள். ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்குப் பொருந்தாததால்தான் வீட்டில் கதை முடியாமல் இழுபடுகிறது.

வாகனக் கொள்முதலும், மாதக் கட்டணத்துக்குக் காரை எடுத்துக் காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் லீசிங்கும்தான் என் தொழில், அரசியல் இல்லை. ஆனாலும் இந்த விடயம் இப்போது என் தொழிலுக்குள் வந்துவிட்டது. மூன்று நான்கு வருடம் கழித்து ஒரு கார் என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் பார்க்கும்போது பற்றரி, ஓடிய தூரம், விபத்து வரலாறு இவற்றைத்தான் முன்பெல்லாம் பார்ப்போம். டெஸ்லா என்று வந்தால் அந்தப் பெயரை அன்றைக்கு எத்தனை பேர் விரும்புவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் மகள் சொல்லும் காரணத்தை, மனச்சாட்சியை ஒருபக்கம் வைத்துவிட்டு, வெறும் காசுக் கணக்காகப் பார்த்தாலும் தள்ளிவிட முடியாது.

ஜேர்மனியில் நடந்ததைப் பாருங்கள். 2022இல் இங்கே புதிதாகப் பதிவான டெஸ்லாக்கள் ஏறத்தாழ 70,000. 2023இல் 64,000 அளவு. 2024இல் 37,600 அளவு. 2025இல் 19,400 அளவு. மூன்று வருடத்தில் கால்வாசிக்கும் சற்று மேல்தான் மிச்சம். ஆனால் இந்த நான்கு எண்களையும் ஒரே காரணத்தில் போட்டுவிட முடியாது. 2023 டிசம்பர் நடுப்பகுதியில் அரசாங்கம் மின்சாரக் கார்களுக்கான மானியத்தைத் திடீரென்று நிறுத்தியது. அதனால் 2024இல் மின்சாரக் கார்ச் சந்தை முழுவதுமே 27 சதவீதம் விழுந்தது. அந்த வருடம் டெஸ்லா விழுந்தது 41 சதவீதம். சந்தையோடு சேர்ந்து விழுந்தது, கொஞ்சம் கூடுதலாக விழுந்தது, அவ்வளவுதான். 2025தான் வித்தியாசம். அந்த வருடம் மின்சாரக் கார் விற்பனை 43 சதவீதம் கூடியது, 5,45,000 கார்கள் பதிவாகின. எல்லாரும் மேலே போன அதே வருடம் டெஸ்லா 48 சதவீதம் கீழே போனது. மின்சாரக் காரே வேண்டாம் என்று சனம் ஒதுங்கவில்லை. இந்தக் காரை விட்டுவிட்டு வேறு மின்சாரக் காரை எடுத்தார்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் நடந்தவை உங்கள் மகளுக்கு நன்றாக நினைவிருக்கும். 2024 டிசம்பரில், குடியேற்றத்தை எதிர்க்கும் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டியால் மட்டுமே ஜேர்மனியைக் காப்பாற்ற முடியும் என்று மஸ்க் எக்ஸ் தளத்தில் எழுதினார். 2025 ஜனவரி 9இல் அந்தக் கட்சியின் இணைத்தலைவி அலீஸ் வைடலுடன் அதே தளத்தில் நேரலையில் உரையாடினார். 20ஆம் திகதி ட்ரம்ப் பதவியேற்ற நாளில், மேடையில் கையை விரைப்பாக நீட்டிக் காட்டினார். அது நாஜி வணக்கம் என்று பலர் சொன்னார்கள். அப்படி இல்லை என்று அவர் மறுத்தார். 25ஆம் திகதி ஹாலே நகரில் நடந்த ஏ.எஃப்.டி கூட்டத்தில் காணொளி வழியாகத் தோன்றி, ஜேர்மனியர்கள் பழைய குற்றங்களைப் பற்றி அளவுக்கு மீறி நினைக்கிறார்கள் என்ற கருத்தில் பேசினார். ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்டதன் 80ஆவது ஆண்டு நினைவுக்கு அப்போது இரண்டே நாள் இருந்தது. பெப்ரவரியில் டெஸ்லா பதிவு முந்தைய வருட பெப்ரவரியை விட 76 சதவீதம் குறைந்தது.

இதே ஜனவரியில்தான் ரீசா நகரில் நடந்த மாநாட்டில் ஏ.எஃப்.டி 'றெமிக்ராசியோன்' என்ற சொல்லைத் தன் தேர்தல் அறிக்கையில் சேர்த்தது. குடியேறி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது என்ற திட்டத்தைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். பெப்ரவரி 23 தேர்தலில் அவர்களுக்கு 20.8 சதவீத வாக்கு விழுந்தது, இரண்டாம் இடம். தமிழ்ப் பெயரோடும் எங்கள் நிறத்தோடும் இங்கே பிறந்து வளர்ந்து, நாளை இங்கேயே வாக்களிக்கப்போகிற ஒரு பிள்ளை இதையெல்லாம் பார்த்துவிட்டு அந்தக் காரில் ஏறமாட்டேன் என்றால், எனக்கு அது விளங்குகிறது. ஊரை விட்டு வந்த தலைமுறை இப்படியான பேச்சைக் காதில் போடாமல் கடந்துபோகப் பழகியிருக்கலாம். பிள்ளைகள் அப்படிப் பழகவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கக் கூடாது. இதை உங்கள் கணவர் அமைதியாக இருந்து ஒருமுறை யோசிக்கவேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, எல்லாமே மஸ்க்கினால்தானா? இல்லை. 2025 தொடக்கத்தில் மொடல் வையின் புதிய வடிவத்துக்காகத் தொழிற்சாலைகளை மாற்றியமைத்தார்கள். பழையதைச் சனம் வாங்கவில்லை, புதியது கைக்கு வரவில்லை. அந்தச் சில மாதத்துச் சரிவில் இதற்கும் பங்கு உண்டு. அதைவிட, டெஸ்லாவிடம் விற்க இருந்தவை பெரும்பாலும் இரண்டே மொடல்கள். எதிர்ப்பக்கத்தில் ஃபோக்ஸ்வாகனின் ஐடி.3, ஐடி.4, ஐடி.7, ஸ்கோடாவின் எல்றொக், என்யாக், கியா, ஹூண்டாய், பி.எம்.டபிள்யூ என்று வரிசையே வந்துவிட்டது. 2020இல் மின்சாரக் கார் என்றால் டெஸ்லா என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. இப்போது வாங்குபவர் கையில் பத்துத் தெரிவு இருக்கிறது. தலைவரின் பேச்சு விற்பனையை உடைக்கவேண்டும் என்றால், கோபப்பட்டவர் போய்நிற்க வேறு கடை இருக்கவேண்டும். 2025இல் அது இருந்தது.

நோர்வேயை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கேயும் மஸ்க் மீது கோபம் இருந்தது, ஊர்வலம் நடந்தது. ஆனாலும் 2025இல் அங்கே டெஸ்லா விற்பனை 41 சதவீதம் கூடி, 34,000க்கு மேல் பதிவாகி, நாட்டின் முதலாவது கார் நிறுவனமாகவே நின்றது. புதிய கார்களில் ஏறத்தாழ 96 சதவீதம் மின்சாரமாக இருக்கும் நாடு அது. மின்சாரக் காருக்கான வரிச்சலுகை 2026 ஜனவரியில் குறையப்போகிறது என்று அறிவித்ததும், அதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று சனம் ஓடியது. கோபத்தை அந்த அவசரம் வென்றது. இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நோர்வேயின் தேர்தலில் மஸ்க் இப்படி இறங்கி நிற்கவில்லை. ஜேர்மனியில் எங்கள் வாக்குச்சீட்டுக்குள்ளேயே கைபோட்டார். ஒரு தலைவரின் பெயர் எவ்வளவு கெடுகிறது என்பதை, அவர் பேசியது வாங்குபவரின் வீட்டுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2025 ஒக்டோபரில் வெளியிட்ட ஆய்வு, 2022 ஒக்டோபரில் மஸ்க் டுவிட்டரை வாங்கியதிலிருந்து 2025 ஏப்ரல் வரையான காலத்தை மாவட்டம் மாவட்டமாக எடுத்துப் பார்க்கிறது. மஸ்க்கின் கட்சி அரசியல் நடுவில் வராதிருந்தால் டெஸ்லா 67 முதல் 83 சதவீதம் கூடுதலாக விற்றிருக்கும், அதாவது 10 இலட்சத்திலிருந்து 12.6 இலட்சம் கார்கள் வரை என்பது அவர்களின் மதிப்பீடு. அதே காலத்தில் மற்ற நிறுவனங்களின் மின்சார, ஹைபிரிட் கார்கள் 17 முதல் 22 சதவீதம் கூடுதலாக விற்க அது உதவியது என்றும் சொல்கிறார்கள். இது கணக்கு முறையால் வந்த மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த தொகை இல்லை. ஆனால் திசை தெளிவு. சுற்றுச்சூழலை நினைத்து மின்சாரக் கார் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் டெமோகிரட் பக்கம் நிற்பவர்கள். அவர்களையே அவர் பகைத்துக்கொண்டார். மறுபக்கத்தில் கிடைத்த புது நண்பர்கள் அந்த இடத்தை நிரப்பும் அளவுக்குக் கார் வாங்கவில்லை.

வேறு கார் நிறுவனங்களுக்கு ஏன் இப்படி நடப்பதில்லை? ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் தலைவர் ஒலிவர் புளூமேயை டோர்ட்முண்ட் தெருவில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? பி.ஒய்.டியின் வாங் சுவான்ஃபுவை? டெஸ்லா நீண்டகாலம் வழக்கமான விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கவில்லை. 2020இல் ஊடகத் தொடர்புப் பிரிவையே கலைத்துவிட்டது. மஸ்க்கின் முகம்தான் விளம்பரம், மஸ்க்கின் பதிவுதான் செய்தியறிக்கை. அவரைச் சனம் விரும்பிய காலத்தில் அது பெரிய மிச்சம். 2017இல் ட்ரம்ப் பாரிஸ் காலநிலை உடன்படிக்கையிலிருந்து விலகியபோது, அதை எதிர்த்து ஜனாதிபதியின் ஆலோசனைக் குழுக்களிலிருந்து வெளியேறியவர் இதே மஸ்க். அந்த மனிதரை நம்பித்தான் பலர் அந்தக் காரை எடுத்தார்கள். அவர் திசை மாறியபோது அதே ஆட்கள்தான் அதிகம் புண்பட்டார்கள். 'இவர் இப்படி ஆவார் என்று தெரியும் முன்பே வாங்கியது' என்று எழுதிய ஒட்டியைக் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள் காரை வெறுக்கவில்லை. தங்கள் நம்பிக்கை உடைந்ததைத்தான் சொல்கிறார்கள். உங்கள் தம்பியும் அவர்களில் ஒருவர் என்று ஊகிக்கிறேன்.

நிறுவனத்துக்கே இது தெரியும். 2025 முதல் காலாண்டு அறிக்கையில், மாறிவரும் அரசியல் மனநிலை தங்கள் பொருட்களுக்கான தேவையைப் பாதிக்கக்கூடும் என்று டெஸ்லாவே பங்குதாரர்களுக்கு எழுதியது. அந்தக் காலாண்டில் நிகர இலாபம் 71 சதவீதம் விழுந்தது. அதை அறிவித்த அதே நாளில்தான், ட்ரம்ப் அரசாங்கத்தில் தான் பார்த்த செலவுக் குறைப்பு வேலைக்குக் கொடுக்கும் நேரத்தைப் பெருமளவு குறைக்கப்போவதாக மஸ்க் சொன்னார். மே மாத முடிவில் அந்த வேலையை விட்டும் வந்தார். வாங்குகிறவர்களின் கோபம் அவர் காதுக்குப் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். நாங்கள் ஒரு கார் வாங்காமல் விட்டால் அவருடைய செல்வம் குறைந்துவிடும் என்ற எண்ணம் இருந்தால், அது அப்படி நடக்கவில்லை. அவர் டெஸ்லாவில் சம்பளம் எடுப்பதில்லை. நிறுவனம் பங்கிலாபமும் கொடுப்பதில்லை. அவர் செல்வம் பங்கு விலையில் இருக்கிறது. பங்கு 2024 டிசம்பரில் 480 டொலர் அளவில் இருந்து 2025 மார்ச்சில் பாதிக்கும் கீழே போனது உண்மை. ஆனால் அதே வருட டிசம்பரில், வருட விற்பனை 16.4 இலட்சத்துக்கு இறங்கி, பி.ஒய்.டி முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோது, பங்கு புதிய உச்சம் தொட்டது. முதலீட்டாளர்கள் ஓட்டுநர் இல்லாத டாக்சியையும் மனித உருவ றோபோவையும் நினைத்து வாங்குகிறார்கள். கார் விற்பனை குறைந்தால் உடனே அடி விழுவது பேர்லினுக்கு அருகே குரூன்ஹைடே தொழிற்சாலையில் வேலை செய்யும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தலையில். ஐரோப்பாவில் விற்கும் மொடல் வை பெரும்பாலும் அங்கேதான் தயாராகிறது. இதைச் சொல்லி அவள் மனத்தை மாற்றவேண்டும் என்பதில்லை. 'இந்தக் காசை நான் அங்கே கொடுக்கமாட்டேன்' என்பது முழுமையான ஒரு காரணம். அதனால் அவர் தண்டிக்கப்படவேண்டும் என்ற அவசியம் இல்லை.

மற்ற நிறுவனங்கள் சுத்தம் என்று நினைத்து ஓடிப்போகவும் வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் 1937இல் நாஜி ஆட்சியால் தொடங்கப்பட்ட நிறுவனம். போர்க்காலத்தில் கட்டாய உழைப்பாளர்களை வைத்து வேலை வாங்கியது. 2015இல் டீசல் புகை அளவீட்டில் உலகம் முழுக்க 1.1 கோடி கார்களில் ஏமாற்று மென்பொருள் இருந்தது வெளிவந்து, தலைவர் மார்ட்டின் விண்டர்கோர்ன் பதவி விலகினார். ஹென்றி ஃபோர்ட் 1920களில் தன் சொந்தப் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிராகத் தொடர் எழுதவைத்தார். அமெரிக்க யூதர்கள் அவர் காரை ஒதுக்கினார்கள். 1927இல் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினார். பி.ஒய்.டிக்காக பிரேசிலின் கமசாரியில் தொழிற்சாலை கட்டிய ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்த 163 சீனத் தொழிலாளர்களை, அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையிலிருந்து மீட்டதாக அந்நாட்டு அதிகாரிகள் 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். முழுக்கச் சுத்தமான கார் என்று ஒன்றை உங்களுக்குக் காட்ட என்னால் முடியாது. ஆனால் எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்லவும் மாட்டேன். வொல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்குள் கட்டாய உழைப்பாளர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. செய்ததை ஒத்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். நேற்றைய குற்றத்தை ஏற்றுக்கொண்ட நிறுவனத்துக்கும், இன்றைக்கு, உங்கள் வாழ்க்கையைத் தொடுகிற விடயத்தில், எதிர்ப்பக்கம் நின்று பேசும் தலைவருக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

இனி உங்கள் கணவரின் பக்கம். அவர் ஓட்டிப் பார்த்துப் பிடித்தது என்றால் காரணம் இருக்கிறது. மொடல் வைக்கு ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம். மின்சாரத்தை வீணாக்காமல் ஓடும், பின்னால் நிறையச் சாமான் போகும். 2025 ஒக்டோபரில் வந்த எளிமையான வடிவம் 40,000 யூரோவுக்குச் சற்றுக் கீழே தொடங்கியது. இதெல்லாம் மஸ்க் என்ன பேசினாலும் மாறாது. அவர் பேச்சுப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கார் மோசம் என்று மகள் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதை அவள் சொல்லாமல் இருப்பது அவளுக்கே நல்லது. டெஸ்லாவின் வேக மின்னேற்ற நிலையங்களான சூப்பர்சார்ஜர் பற்றி மட்டும் ஒரு திருத்தம். அந்த வலையமைப்புக்காகவே டெஸ்லா எடுக்கவேண்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஜேர்மனியில் 2022இலிருந்தே மற்ற நிறுவனக் கார்களும் அங்கே மின்சாரம் ஏற்றத் தொடங்கிவிட்டன. மாதச் சந்தா கட்டினால் அவர்களுக்கும் விலை குறையும்.

கணவருக்குச் சங்கடமான விடயமும் ஒன்று இருக்கிறது, அதற்கும் மஸ்க்கின் அரசியலுக்கும் தொடர்பில்லை. இங்கே கார்களைக் கட்டாயப் பரிசோதனை செய்யும் டியூஃப் அமைப்பின் 2026 அறிக்கையில், இரண்டு மூன்று வயதுக் கார்களில் கடைசி இடம் மொடல் வைக்குத்தான். பரிசோதனைக்கு வந்தவற்றில் 17.3 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க குறை. முந்தைய அறிக்கையில் கடைசி இடம் மொடல் 3க்கு. சக்கரத்தைத் தாங்கும் அச்சுப் பாகங்கள், பிரேக் தட்டு, விளக்கு இவைதான் வழமையான குறைகள். டெஸ்லாவுக்கு வருடா வருடம் கட்டாய சர்வீஸ் கிடையாது. அதனால் பலர் மூன்று வருடம் கராஜ் பக்கமே போகாமல் நேரே டியூஃப்புக்குப் போகிறார்கள். மின்சாரக் கார் பெரும்பாலும் மோட்டரால் வேகம் குறைப்பதால் பிரேக் தட்டு பாவிக்கப்படாமல் துருப்பிடிக்கிறது. எடுப்பதென்றால் வருடத்துக்கு ஒருமுறை காசு கொடுத்தாவது காட்டவேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

விற்கும்போது கிடைக்கும் விலைதான் என் பெரிய கவலை. டெஸ்லா 2023 ஜனவரியில் புதுக் கார்களின் விலையை ஒரே நாளில் பெரிதாகக் குறைத்தபோது, முந்தைய மாதம் வாங்கியவர்களின் கார் அப்படியே மதிப்பிழந்தது. எஸ்.ஏ.பி போன்ற பெரிய மென்பொருள் நிறுவனமே 2024இல் தன் கம்பனிக் கார்ப் பட்டியலிலிருந்து டெஸ்லாவை எடுத்தது. அங்கே சொன்ன காரணம் விலை ஏறி இறங்குவதும் விநியோகத் தாமதமும், அரசியல் இல்லை. இதன்மேல் இப்போது தலைவரின் பெயரும் ஏறியிருக்கிறது. நான்கு வருடம் கழித்து உங்கள் காரை வாங்க வருகிறவர் உங்களைப் போன்ற ஒரு குடும்பம்தான். அவர்கள் வீட்டிலும் ஒரு மகள் இருப்பாள். கம்பனிகளுக்கு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கலாம். சேர்த்த காசைக் கொட்டி ஒரே ஒரு கார் எடுக்கும் குடும்பத்துக்கு அது கடினம்.

அதனால் என் யோசனை இது. முழுக் காசும் கொடுத்துப் புது மொடல் வை வாங்கவேண்டாம். முதலில் ஸ்கோடா என்யாக், எல்றொக், ஐடி.4, கியா ஈவி3 இவற்றில் இரண்டையாவது கணவரும் மகளும் சேர்ந்து போய் ஓட்டிப் பார்க்கட்டும். மகளுக்கு 17 என்றால் துணையோடு ஓட்டும் அனுமதி எடுக்கும் வயதுதான். நாளைக்கு அந்தக் காரை ஓட்டப்போகிறவள் அவளும். இந்த வாக்கியத்தைக் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 'கார் ஓட்டப்போவது நாங்களா அவரா' என்ற அவருடைய கேள்விக்கு இதுவும் ஒரு பதில். இதற்குப் பிறகும் அவருக்கு மொடல் வை மேல்தான் மனம் என்றால், மகளும் ஒத்துக்கொண்டால், லீசிங்கில் எடுங்கள். பாவித்த டெஸ்லாவைத் தனியாரிடம் வாங்கினால் காசு நேரே நிறுவனத்துக்குப் போகாது என்று சிலர் அந்த வழியை எடுக்கிறார்கள். மனச்சாட்சிக்கு அது ஒரு சமாதானம்தான். ஆனால் வீட்டு வாசலில் நிற்கப்போவது அதே கார். பிள்ளையின் சங்கடம் அதனால் தீராது.

காப்புறுதி பற்றியும் பார்த்துவிடுங்கள். 2025 மார்ச்சில் பேர்லினிலும் லாஸ் வேகாஸிலும் டெஸ்லா கார்களுக்குத் தீ வைத்தார்கள். யாரோ ஒருவரின் அரசியலுக்காக இன்னொருவர் உழைத்து வாங்கிய காரை எரிப்பது குற்றம். அதற்கு நியாயம் பேசுகிறவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. டோர்ட்முண்டில் தினமும் இப்படி நடக்கிறது என்று பயமுறுத்தவில்லை. ஆனால் இங்கே ரைல்காஸ்கோ என்ற பகுதிக் காப்புறுதி தீ, கண்ணாடி உடைவு, களவு போன்றவற்றைத்தான் மூடும். யாராவது சாவியால் கீறினால், கதவை நசித்தால், ஃபொல்காஸ்கோ என்ற முழுக் காப்புறுதி இருந்தால்தான் காசு வரும். அதில் கோரினால் அடுத்த வருடக் கட்டணம் ஏறும். தெருவோரம் நிறுத்துகிறவர்களுக்கு இது சின்ன விடயம் இல்லை. உங்களிடம் கராஜ் இருந்தால் கவலை குறைவு.

அப்புறம் தம்பி. அவர் விற்கக் கூடாது. 2021இல் கொடுத்த காசு 2021இலேயே போய்விட்டது. இன்று விற்றால் மஸ்க்குக்கு ஒரு சதமும் குறையாது, நட்டம் முழுக்கத் தம்பியின் பொக்கற்றில். அந்தக் காரின் பற்றரிக்கும் மோட்டருக்கும் எட்டு வருட உத்தரவாதம், கிலோமீற்றர் எல்லைக்குள் இருந்தால் 2029 வரை நிற்கும். நல்ல கார், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரொஸ்மான் கடைச் சங்கிலியை எல்லாருக்கும் தெரியும். மஸ்க் ட்ரம்பை ஆதரித்ததால் இனி டெஸ்லா வாங்கமாட்டோம் என்று 2024 ஓகஸ்டில் வெளிப்படையாக அறிவித்த நிறுவனம் அது. அவர்களே, கைவசம் இருக்கும் டெஸ்லாக்களை விற்றுத் தள்ளாமல் தொடர்ந்து ஓட்டுவோம் என்றார்கள், ஓடுகிற காரை வீணாக்கக் கூடாது என்ற காரணத்துக்காக. தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். வேலையிடத்தில் யாரும் ஏதும் கேட்டால், 2021இல் வாங்கினேன், அடுத்த காரை யோசித்து எடுப்பேன் என்று சொன்னால் போதும். அதற்கு மேல் அவர் யாருக்கும் விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. குடியேறி வந்தவர் என்பதால் அவர்தான் எல்லாருக்கும் முன்னால் தன் மனச்சாட்சியை நிரூபிக்கவேண்டும் என்று சக ஊழியர்கள் நினைத்தால், அது அவர்களின் பிழை.

வீட்டில் கதைக்கும்போது ஒரு விடயம் கவனியுங்கள். மகள் தோற்றாள், கணவர் வென்றார் என்று முடியக் கூடாது, மறுபக்கமும் அப்படித்தான். கணவர் ஏன் டெஸ்லாவை விரும்புகிறார் என்பதை மகள் கேட்கட்டும். பொதி தூக்கி உழைக்கும் மனிதர், பல வருடக் கனவு. காரின் திரையும் வேகமும் மட்டும் இல்லை அது. மகள் ஏன் மறுக்கிறாள் என்பதை அவர் இடைமறிக்காமல் கேட்கட்டும். இரண்டு பேரும் கேட்டு முடித்த பிறகு காருக்குப் போங்கள். அந்த ஒழுங்கு மாறினால் எந்தக் கார் வந்தாலும் கோபம் அதோடு சேர்ந்து வரும்.

லீசிங் என்று முடிவானால் ஒப்பந்தத்தை வடிவாக வாசியுங்கள். கிலோமீற்றர் லீசிங் என்று இருக்கவேண்டும். அதில் திருப்பிக் கொடுக்கும்போது கார் என்ன விலைக்குப் போகும் என்பது லீசிங் நிறுவனத்தின் தலைவலி. நீங்கள் ஓடிய தூரத்துக்கும் சேதத்துக்கும் மட்டும் பொறுப்பு. றெஸ்ற்வேர்ட் லீசிங் என்று இருந்தால், திருப்பிக் கொடுக்கும்போது கார் பெறவேண்டிய விலையை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள்; சந்தை விலை அதற்குக் கீழே விழுந்தால் அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்டவேண்டிவரும். மாதக் கட்டணம் குறைவாகத் தெரியும் ஒப்பந்தங்களில்தான் அநேகமாக இது ஒளிந்திருக்கும். எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் அந்தச் சொல்லைக் கண்டால் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், யாராவது தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் போடலாம்.